கேட்காமலே விசாவை மறுக்கலாமா? ஆஸ்திரேலிய நிராகரிப்பும் ரத்தும்

பாலாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் சித்தி மகன் வேலூரில் இருந்து ஆஸ்திரேலியாவுக்கு மாணவர் விசா போட்டிருந்தான். நிராகரிப்புக் கடிதம் வந்துவிட்டது. அவன் உண்மையிலேயே படிக்கத்தான் வருகிறான் என்பதில் அதிகாரிக்குத் திருப்தி இல்லையாம். ஒரு போன் இல்லை, மெயில் இல்லை, இன்ன காகிதம் குறைகிறது என்று ஒரு வரி கேட்கவில்லை. கட்டணம் 2,000 டாலர் போனது போனதுதான்.

இதே நேரத்தில் மெல்பனில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு, படிப்பை நடுவில் விட்டுவிட்டாள் என்பதால் விசாவை ரத்து செய்ய உத்தேசித்திருக்கிறோம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. பதில் சொல்ல 5 வேலை நாள். நிபந்தனையை மீறியதாகச் சொல்லப்படுகிறவளிடம் விளக்கம் கேட்கிறார்கள், ஒழுங்காக விண்ணப்பம் போட்டவனிடம் கேட்கவில்லை. இது என்ன நியாயம்? நீதிமன்றம் போனால் பயன் உண்டா, இல்லை பேசாமல் மறுபடி விண்ணப்பிப்பதுதான் வழியா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாறன்_அடிலெய்ட் எழுதியது:

குடிவரவு வழக்குகள் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் சில வருடம் வேலை பார்த்தவன். நான் வக்கீலும் இல்லை, ஏஜென்டும் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

உங்கள் தம்பிக்கும் அந்தப் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பெண் கையில் விசா இருக்கிறது. இருப்பதைப் பறிக்கும் முன் சொல்ல வேண்டும். மைக்ரேஷன் சட்டத்தின் 119-ஆம் பிரிவு அதற்குத்தான். என்ன காரணம், எந்தத் தகவலை வைத்துச் சொல்கிறோம் என்பதை நோட்டீஸில் எழுதி, பதிலும் கேட்க வேண்டும். உங்கள் தம்பி இன்னும் விசா கேட்கிற நிலையில்தான் இருக்கிறான். தனக்குத் தகுதி இருக்கிறது என்று காட்ட வேண்டியது அவன் பொறுப்பு. அவன் தந்த காகிதத்தைப் படித்துவிட்டு, இது போதாது என்று அதிகாரி நினைத்தால், முடிவுக்கு முன்னால் அதைச் சொல்லியாக வேண்டும் என்ற கடமை அவருக்கு இல்லை. 56-ஆம் பிரிவின்படி அவர் கூடுதல் தகவல் கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான்.

கட்டாயம் என்பது 57-ஆம் பிரிவில் வருகிறது. அதிகாரியிடம் உங்களுக்குப் பாதகமான ஒரு தகவல் இருந்து, அதுவே மறுப்புக்குக் காரணமாகவோ காரணத்தில் ஒரு பகுதியாகவோ ஆகப்போகிறது என்றால், அதை உங்களிடம் காட்டிக் கருத்து கேட்க வேண்டும். ஆனால் அந்தத் தகவல் குறிப்பாக உங்களைப் பற்றியோ இன்னொரு நபரைப் பற்றியோ இருக்க வேண்டும். 'இந்தப் பகுதியில் இருந்து வரும் விண்ணப்பங்களில் போலி அதிகம்' என்பது போன்ற பொதுப் பேச்சு சேராது. இந்த விண்ணப்பத்துக்காக நீங்களே கொடுத்த தகவலும் சேராது. அதிகாரியின் சந்தேகம், அவர் மனதில் ஓடிய கணக்கு, இதெல்லாம் 'தகவல்' ஆகாது. தீர்ப்பாயம் தொடர்பான இதே மாதிரிப் பிரிவைப் பற்றி 2007-இல் உயர் நீதிமன்றம் (ஆஸ்திரேலியாவில் அதுதான் எல்லாவற்றுக்கும் மேலான நீதிமன்றம்) அப்படித்தான் சொன்னது.

எனவே முதலில் முடிவுப் பதிவை, அதாவது மறுப்புக்கான காரணங்களை அதிகாரி எழுதிய ஆவணத்தை, வரிவரியாகப் படியுங்கள். தம்பி எழுதியதை நம்பவில்லை என்று மட்டும் இருக்கிறதா, வெளியில் இருந்து எடுத்த ஏதாவது இருக்கிறதா?

கனகர் எழுதியது:

தம்பி மாறன் சொன்னது சரி. வெளிநாட்டில் இருந்து விண்ணப்பிக்கிற ஆக்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒரு வழக்கும் இருக்கிறது, 2010-ஆம் ஆண்டு சயீத் வழக்கு. பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு பெண் தொழில்திறன் விசாவுக்கு விண்ணப்பித்தவர், ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்ததாகச் சான்றிதழ் கொடுத்தவர். தூதரக ஆக்கள் அந்த உணவகத்துக்கே போய் விசாரித்திருக்கினம். அங்கே பெண்கள் எவரும் வேலை செய்ததில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அவவிடம் காட்டி ஒரு சொல் கேட்கவில்லை. விசா மறுப்பு.

அரசு தரப்பு என்ன சொன்னது? 2002-இல் சட்டத்தில் 51ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, கேட்கப்படும் உரிமை பற்றி இங்கே எழுதியிருப்பதே முழுவதும், அதற்கு மேல் எதுவும் இல்லை என்று வைத்துவிட்டோம் என்றார்கள். அப்போது இருந்த எழுத்தின்படி வெளிநாட்டு விண்ணப்பதாரருக்கு 57-ஆம் பிரிவும் இல்லை. ஆக, ஒன்றுமே இல்லை. உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டம் அந்த ஆக்களைப் பற்றிப் பேசாமல் விட்டிருந்தால், பொதுச் சட்டத்தின் இயற்கை நீதி, அதாவது முடிவுக்கு முன் கேட்கப்படும் உரிமை, அங்கே அப்படியே நிற்கும் என்று தீர்ப்பு.

இதற்கெல்லாம் வேர் 1985-ஆம் ஆண்டு கியோவா வழக்கு. தொங்காத் தீவுக் குடும்பம். விசாக் காலம் முடிந்தும் தங்கியவர்கள் என்பதில் தகராறே இல்லை. ஆனால் கோப்பில் ஓர் அதிகாரி இன்னொரு வரியும் எழுதிவைத்திருந்தார்: குடிவரவுச் சட்டத்தை ஏய்க்கப் பார்க்கிற வேறு ஆக்களோடு இவர் தீவிரமாகச் சேர்ந்து இயங்குகிறாராம். அந்த வரியை அவருக்குக் காட்டவே இல்லை. நாடுகடத்தும் உத்தரவு நிற்காமல் போனதற்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

வெட்டிப்பேச்சு_வேலு எழுதியது:

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பு என்ன? நோட்டீஸ் வரும், ராத்திரி முழுக்க உட்கார்ந்து பத்துப் பக்கம் பதில் எழுதுவீர்கள், அப்புறம் 'உங்கள் பதிலைக் கருத்தில் கொண்டோம், ஆயினும்' என்று நாலு வரி வரும். முடிவை எடுத்துவிட்டுத்தான் கேட்கவே செய்கிறார்கள். சடங்கு.

டென்னிஸ் வீரர் ஜோகோவிச் கதையைப் பாருங்கள். காசு, பெரிய வக்கீல்கள், உலகமே பார்க்கிறது. நீதிமன்றத்தில் ஜெயித்தார். நாலே நாளில் மறுபடி ரத்து, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கே அப்படி என்றால் வேலூர்த் தம்பிக்கு?

மாறன்_அடிலெய்ட் எழுதியது:

வேலு அண்ணா, நல்ல உதாரணம்தான் எடுத்தீர்கள். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

2022 ஜனவரி 6, மெல்பன் விமான நிலையம். ராத்திரி முழுக்க அவரை உட்காரவைத்து விசாரித்தார்கள். விடிகாலை 5:20 மணிக்கு, பதில் சொல்ல 8:30 வரை நேரம் என்றார்கள். தன் ஆட்களையும் வக்கீலையும் கலந்து பேசிவிட்டுச் சொல்லலாம் என்று அவர் நினைத்திருந்தார். 6:14-க்கே பதிலைக் கேட்டார்கள். 7:42-க்கு ரத்து. ஜனவரி 10 அன்று நீதிபதி கெல்லி முன்னால், இது நியாயமான முறை அல்ல என்று அரசு தரப்பே ஒப்புக்கொண்டது. அவர் காட்டிய கொரோனா தடுப்பூசி விலக்கு செல்லுமா செல்லாதா என்பதில் தீர்ப்பு வரவில்லை. தருவதாகச் சொன்ன நேரத்தைத் தரவில்லை, அதற்காகவே ரத்து விழுந்தது.

14-ஆம் தேதி அப்போதைய குடிவரவு அமைச்சர் அலெக்ஸ் ஹாக் பயன்படுத்தியது வேறு அதிகாரம், 133சி பிரிவு. பொதுநலன் என்று அமைச்சரே நேரடியாக முடிவெடுக்கலாம். முன்கூட்டிக் கேட்க வேண்டியதில்லை என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. 16-ஆம் தேதி ஃபெடரல் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் அவர் வழக்கைத் தள்ளினார்கள். எனக்கு அந்தப் பிரிவு பிடிக்காது. ஆனால் அமைச்சரே கையெழுத்துப் போடும் அந்த வழி நூற்றில் ஒருவருக்குக்கூட வராது. நம் ஆட்களுக்கு வருவதெல்லாம் சாதாரண அதிகாரியின் சாதாரணக் கடிதம். அங்கே 6:14-க்கும் 8:30-க்கும் உள்ள வித்தியாசம் வழக்கையே தீர்மானிக்கும்.

சடங்கு என்பதில் பாதி உண்மை. இந்த உரிமை விசா வாங்கித் தராது. உங்களுக்கு எதிராக என்ன இருக்கிறது என்பதை முடிவுக்கு முன்னால் பார்க்கவும், அதற்குப் பதில் சொல்லவும் ஒரு வாய்ப்பு, அவ்வளவே. நீதிமன்றத்தில் ஜெயித்தாலும் கோப்பு திரும்ப மேசைக்குத்தான் போகும்.

நிலா_பெர்த் எழுதியது:

அந்த மெல்பன் பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே. 5 நாளில் பாதி போயிருக்குமே!

என் அறைத்தோழிக்கு இதே நோட்டீஸ் வந்தது, 8202 நிபந்தனை, படிப்பில் பதிவு இல்லை என்று. ஐந்து பக்கம் எழுதி வைத்திருந்தாள். முழுக்க ஒரே விஷயம்: கல்லூரி எனக்குத் தகவல் சொல்லவில்லை, கல்லூரிதான் பதிவை நீக்கிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு பதிவு பெற்ற ஏஜென்ட் அக்கா அதைப் படித்துவிட்டு, 'பாதிக் கேள்விக்குத்தான் பதில் எழுதியிருக்கிறாய்' என்றார்.

நோட்டீஸில் இரண்டு கேள்வி இருக்கிறது. ரத்துக்கான காரணம் உண்மையில் இருக்கிறதா என்பது ஒன்று. அப்படியே இருந்தாலும் ஏன் ரத்து செய்யக் கூடாது என்பது இன்னொன்று. 116-ஆம் பிரிவு பெரும்பாலும் 'ரத்து செய்யலாம்' என்றுதான் சொல்கிறது, 'செய்தே ஆக வேண்டும்' என்று அல்ல. பதிவு இல்லாமல் சில மாதம் இருந்தது அவளுக்கே தெரியும், அதை மறுத்துப் பயனில்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் அவளிடம் சரக்கு இருந்தது. அப்பா மருத்துவமனையில் இருந்த சமயம், அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி. அதற்கு முன் எல்லா செமஸ்டரும் தேறியதற்கு மார்க் ஷீட். வேறு கல்லூரியில் இடம் கிடைத்ததற்குக் கடிதம். ரத்தானால் இங்கிருந்தபடி வேறு விசா போட 48-ஆம் பிரிவு தடுக்கும், வெளியே போனாலும் 3 வருடத் தடை வரலாம், படிப்பு அந்தரத்தில் நிற்கும் என்று கஷ்டங்களையும் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் தேதி, ஒவ்வொன்றுக்கும் காகிதம். விசா நிலைத்தது.

அந்தப் பெண்ணிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள் அண்ணா. ஒன்று, ஆவணம் வர நாளாகும் என்றால் கெடு முடியும் முன்பே மெயில் போட்டு அவகாசம் கேட்கச் சொல்லுங்கள், எந்த ஆவணம், எப்போது வரும் என்று குறிப்பிட்டு. கொடுத்தாலும் கொடுப்பார்கள், கொடுக்காவிட்டாலும் கேட்டது கோப்பில் இருக்கும். அதுவரை இருப்பதை அனுப்பிவிட வேண்டும். இரண்டு, எந்தக் காரணத்துக்காகவும் இப்போது ஊருக்கு விமானம் ஏறக் கூடாது. நாட்டுக்கு வெளியே இருந்தால் 128-ஆம் பிரிவில் முன்னறிவிப்பு இல்லாமலே ரத்து செய்ய முடியும். அதற்கப்புறம்தான் விளக்கம் கேட்பார்கள்.

கனகர் எழுதியது:

பிள்ளை நிலா நல்ல விஷயம் சொன்னீர். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு கேட்கிறது இன்னொரு இடத்திலும் இருக்கிறது. 2014 கடைசியில் கொண்டுவந்த 501(3ஏ). 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்று முழுநேரச் சிறையில் இருக்கிற ஆளுக்கு விசா கட்டாய ரத்து, முன்னால் ஒரு கேள்வியும் இல்லை. அதற்குப் பிறகு 28 நாளுக்குள் ஏன் திருப்பித் தர வேண்டும் என்று எழுதலாம். அந்தக் கடிதத்தைக் கொடுக்கும்போது ஆளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியுமா, விளங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்று அமைச்சர் தரப்பு பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என 2021-இல் உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. சட்டப்படி சரியாக இருக்கலாம். என் மனம் ஏற்கவில்லை.

வேலுவுக்கும் ஒரு சொல். குயின்ஸ்லாந்தில் பிலோவீலா என்ற ஊரில் இருந்த குடும்பம் எங்கட தமிழ்க் குடும்பம்தானே. 2018 மார்ச்சில் விடியற்காலை வீட்டில் வைத்து அவர்களைக் கொண்டுபோனார்கள். எத்தனையோ வழக்கில் தோற்றார்கள். நாடுகடத்தலைத் தடுத்து வைத்திருந்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? கடைசிப் பிள்ளை விசாவுக்கு விண்ணப்பிக்க விடலாமா என்று திணைக்களம் ஒரு மதிப்பீடு செய்தது. அதைப் பற்றி அந்தக் குழந்தையின் தரப்புக்கு அறிவிக்கவில்லை, கருத்தும் கேட்கவில்லை. நடைமுறை நியாயம் மறுக்கப்பட்டது என்று 2020 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது, 2 லட்சம் டாலருக்கு மேல் செலவுத்தொகையும் அரசு கட்ட வேண்டி வந்தது. அடுத்த வருடம் மேல்முறையீட்டிலும் அது நின்றது. 2022 ஓகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது ஆட்சி மாறியதால், தீர்ப்பால் இல்லை. ஆனால் அந்த நாள் வரை அவர்களை நாட்டுக்குள் வைத்திருந்ததில் நீங்கள் சொல்கிற சடங்குக்குப் பங்கு இருக்கிறது.

பாலாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நிலா எழுதியதை அந்தப் பெண்ணுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். அவகாசம் கேட்டு மெயில் போட்டுவிட்டாள்.

தம்பியின் முடிவுப் பதிவை இன்று உட்கார்ந்து முழுதாகப் படித்தோம். மூன்றாம் பக்கத்தில், நடுவில், இப்படி இருக்கிறது: வேலை அனுபவச் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்தைத் தொலைபேசியில் தொடர்புகொண்டதாகவும், அவன் அங்கே பணியாற்றியதை உறுதி செய்ய முடியவில்லை என்றும், அதனால் அவன் சொல்லும் வேலைப் பின்னணிக்கு 'குறைந்த எடை' கொடுத்ததாகவும். அவன் இரண்டு வருடம் வேலை பார்த்தது சத்தியம். பி.எஃப். பாஸ்புக் இருக்கிறது, மாதாமாதம் சம்பளம் வங்கியில் விழுந்தது இருக்கிறது. சான்றிதழில் உள்ள எண் வாசல் செக்யூரிட்டி மேசைக்குப் போகிறது என்று இப்போதுதான் தெரிகிறது. கேட்டிருந்தால் ஒரே நாளில் அனுப்பியிருப்பான். இதுதான் மாறன் சொன்ன 'வெளியில் இருந்து எடுத்தது' தானே?

மாறன்_அடிலெய்ட் எழுதியது:

அதேதான். இது அவன் கொடுத்த தகவல் இல்லை, அவனைப் பற்றிய தகவல், பாதகமானது. கனகர் ஐயா சொன்ன உணவக விசாரணைக்கு ரொம்பக் கிட்ட இருக்கிறது. ஆனால் அரசு தரப்பு என்ன சொல்லும் என்பதும் தெரிய வேண்டும்: 'உறுதி செய்ய முடியவில்லை என்றுதான் சொன்னோம், பொய் என்று சொல்லவில்லை, மறுப்புக்குக் காரணம் மற்ற அம்சங்கள்'. அது மறுப்பில் எவ்வளவு பங்கு வகித்தது என்பதுதான் சண்டையாக இருக்கும்.

முக்கியமான ஒன்று: கடிதத்தில் எங்காவது 4020 என்ற எண் இருக்கிறதா? போலி ஆவணம் என்று அந்த விதியில் மறுத்திருந்தால் பொதுவாக 3 வருடத் தடை. அப்போது கணக்கே வேறு.

பாலாற்றங்கரை எழுதியது:

இல்லை, பார்த்துவிட்டேன். உண்மையான மாணவர் என்ற தகுதி மட்டும்தான்.

மாறன்_அடிலெய்ட் எழுதியது:

அப்பாடா. அப்போது வழியைச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் இருந்து போட்ட மாணவர் விசா என்பதால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு கிடையாது. உள்நாட்டில் இருப்பவர்கள் ஏ.ஆர்.டி. என்ற மறுபரிசீலனைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், 2024 அக்டோபர் 14 முதல் பழைய ஏ.ஏ.டி.-க்குப் பதிலாக வந்தது அதுதான். தம்பிக்கு மிச்சம் இருப்பது ஃபெடரல் சர்க்யூட் அண்டு ஃபேமிலி கோர்ட். அங்கே 'இவன் நல்ல மாணவன்' என்று வாதாட முடியாது. முடிவெடுத்த விதத்தில் சட்டப் பிழை உண்டா என்று மட்டும் பார்ப்பார்கள். வழக்கு முடிய எத்தனை காலம் ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள், அதற்குள் அவன் சேர வேண்டிய செமஸ்டர் போய்விடும்.

நான் என்றால் மறுபடி விண்ணப்பிப்பேன். முந்தைய மறுப்பை மறைக்காமல் சொல்லி, அந்த தொலைபேசி விசாரணையை முதல் பக்கத்திலேயே எடுத்துவைத்து, எண் எங்கே போகிறது, சம்பளம் எந்தக் கணக்கில் வந்தது, பி.எஃப். எண் என்ன, நிறுவனத்தில் யாரிடம் கேட்டால் உறுதி செய்வார் என்று எழுதுவேன். அந்தக் குறிப்பு கோப்பில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த அதிகாரி அதைத்தான் முதலில் படிப்பார்.

கனகர் எழுதியது:

நான் அப்படி விடமாட்டேன். மறுபடி 2,000 டாலர் கட்டுவது தம்பி, பிழை விட்டது அவர்கள். எல்லோரும் கட்டணத்தைக் கட்டிக்கொண்டு போனால் சயீத் வழக்கு வந்திருக்குமா?

வெட்டிப்பேச்சு_வேலு எழுதியது:

ஐயா, சரித்திரம் படைக்கிற செலவை வேலூர்த் தம்பி தலையில் கட்டாதீர்கள். அவன் படிக்கப் போகிறான்.

நிலா_பெர்த் எழுதியது:

சண்டை நடக்கட்டும், கெடுவை விடாதீர்கள். மெயில் அனுப்பிய அன்றைய தினமே கடிதம் கிடைத்ததாகத்தான் கணக்கு, நீங்கள் திறந்தீர்களா என்பது பேச்சில்லை. ஏஜென்டை அதிகாரப்பூர்வப் பெறுநராகப் போட்டிருந்தால் அவருக்குப் போன நாள்தான் உங்கள் நாள். அவர் ஒரு வாரம் கழித்துச் சொன்னாலும் கடிகாரம் அன்றே ஓட ஆரம்பித்திருக்கும். ஏ.ஆர்.டி. போகிறவர்களுக்குப் பொதுவாக 28 நாள், ஒரு நாள் தப்பினாலும் நீட்டித்துத் தர வழி இல்லை. உள்நாட்டில் நடத்தைக் காரணத்தால் அதிகாரி எடுத்த முடிவு என்றால் வெறும் 9 நாள். மேல்முறையீட்டுக் கெடுவைக் கடிதத்தில் தெளிவாக எழுதாததால் அறிவிப்பே செல்லாது என்று 2019-இல் ஒரு தீர்ப்பு வந்தது உண்மைதான், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

மாறன்_அடிலெய்ட் எழுதியது:

தம்பி விஷயத்தில் நீதிமன்றக் கெடு, முடிவின் தேதியில் இருந்து 35 நாள். நீட்டிக்கச் சொல்லிக் கேட்கலாம், காரணம் காட்ட வேண்டும். இன்னொரு பக்கம், அந்த தொலைபேசிக் குறிப்பு நமக்கு வேண்டும். யார் பேசினார், எந்த எண்ணுக்கு, எதிரில் இருந்தவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவின் தகவல் அறியும் சட்டத்தில் சொந்தக் கோப்பைக் கேட்கக் கட்டணம் இல்லை, ஆனால் பதிலுக்கு 30 நாள் வரை உண்டு, தள்ளியும் போகும். இரண்டு கெடுவும் முட்டிக்கொள்ளும். அதனால் கோப்பைக் கேட்டு இன்றே விண்ணப்பம் போடுங்கள். வழக்கா மறு விண்ணப்பமா என்பதை அதற்குள் ஒரு குடிவரவு வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசி முடிவு செய்யுங்கள். வழக்கு என்றால், குறிப்பு வரும்வரை காத்திராமல் கையில் இருப்பதை வைத்துத் தாக்கல் செய்துவிட்டு, குறிப்பு வந்தபின் மனுவைத் திருத்திக்கொள்ள நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

பாலாற்றங்கரை எழுதியது:

முடிவுத் தேதியில் இருந்து இன்று 11-ஆவது நாள். கோப்பு கேட்கும் விண்ணப்பத்தைத் தம்பி இப்போதே ஆன்லைனில் போட்டுக்கொண்டிருக்கிறான். 'என்ன ஆவணம் வேண்டும்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? முழுக் கோப்பு என்று கேட்டால் தாமதமாகுமா?

மாறன்_அடிலெய்ட் எழுதியது:

ஆகும். 'முடிவுப் பதிவின் 3-ஆம் பக்கத்தில் சொல்லப்பட்ட வேலை சரிபார்ப்பு தொடர்பான குறிப்புகள், மின்னஞ்சல்கள், தொலைபேசிப் பதிவுகள்' என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். விண்ணப்ப எண், பிறந்த தேதி, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர். பெயரில் இனிஷியல் முன்னே பின்னே ஆனால் அதற்கே தனியாக ஒரு மெயில் வரும்.